மருமகள் குழாய்

குல்சாரி, 1999 பிப்ரவரி 14

குல்ஷாரா அக்காவுக்கு அக்லிமா எழுதுறது. நான் உசுரோட இருக்கேன். நீயும் சின்னவன் தைமாஸும் சௌக்கியமா? உன் மாமியாரைக் கேக்கவே வேணாம், அவங்களுக்கு என்ன கேடு.

உன் புருஷன் சொன்னபடி வேலை போட்டுக் குடுத்துட்டாரு. ரயில்ல இருந்து இறங்கினதும், "வாம்மா, காலேஜைக் கரைச்சுக் குடிச்சவளே"ன்னாரு. நான் விடுவேனா? "ஜெஸ்தே, உன் தொப்பை வந்து நின்னுடுச்சு, நீ எப்ப வருவே?"ன்னேன். பிளாட்பாரமே சிரிச்சுது. அக்கா புருஷனை மச்சினி என்ன சொன்னாலும் அவர் கோவிக்கக் கூடாது. நம்ம ஜனங்க ஒழுங்கா மதிக்கிற சட்டம் அது ஒண்ணுதான்.

ஆலைன்னு பேரு. சுத்தி உப்புத் தரை, நடுவுல கம்பி வேலி, அதுக்குள்ள பாதி கட்டின இரும்பு. எரிவாயு போற குழாய்க்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிற குத்தகை உன் புருஷன் ஆட்களோடது. என் உத்தியோகம் பெட்டி தூக்குறது. பெட்டியில ஊசி, ஒட்டுற பட்டை, சுத்தத் தண்ணி, ஒரு மீட்டர். துகளைக் காத்தோட பீய்ச்சித் துருவை எடுத்த குழாய் மேல பட்டையை ஒட்டி, உள்ள தண்ணியை ஏத்தி, திரும்ப உறிஞ்சி மீட்டர்ல விட்டா, இரும்பு மேல எவ்வளவு உப்புன்னு காட்டும். உப்பு இருந்தா பெயிண்ட் அடிக்கக் கூடாதாம். வெளிநாட்டுல இருந்து புதுசா ஒரு தரவிதிப் புத்தகம் வந்திருக்கு. இரும்புக்கு மேல எதைப் பூசணும், எத்தனை தடவை பூசணும், பனி இறங்கினா பூசலாமான்னு பாகம் பாகமா எழுதி வச்சிருக்கான். கல்யாணம் பண்ணி வைக்கக்கூட மனுஷன் இவ்வளவு யோசிக்கிறதில்ல.

தபாலை நம்பாதே. ரயில் கார்டு கையில குடுத்தனுப்பு.

அக்லிமா

அக்தோபே, மார்ச் 6

அன்புள்ள அக்லிமாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். தைமாஸுக்கு மேல் பல் முளைக்கிறது, இரவெல்லாம் அழுகை. அத்தைக்கு மூட்டுவலி. நீ கம்பளிக் காலுறை போடுகிறாயா?

அவரைப் பொது இடத்தில் தொப்பை என்றெல்லாம் சொல்லாதே என்று எழுத நினைத்தேன். அவரே அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாராம், கார்டு சொன்னார். ஆகையால் விட்டுவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. ஆலைத் திறப்பு விழா குறித்த நாளில் நடந்தால், பொறுப்பாளர்களுக்கு அத்திரா நகரத்தில் வீடு தருவதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு அறை, மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் ஆறு. ஆறு வருடமாக இந்த ஒற்றை அறையில் ஒரு திரைக்கு அந்தப் பக்கம் அத்தை இருமுகிறார், இந்தப் பக்கம் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறோம். உனக்கு இது விளங்காது. எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுதாக இருந்தவள் இல்லை நீ.

படிப்பைத்தான் பாதியில் விட்டாய். பெட்டியையாவது ஒழுங்காகத் தூக்கு.

உன் அக்கா
குல்ஷாரா

குல்சாரி, ஏப்ரல் 2

அக்காவுக்கு,

சலாம். எனக்கு மூக்குல தூசி, வேற நோவு இல்ல. பல்லு வந்துடுச்சா? வந்தா உன் மாமியாரைக் கடிக்கச் சொல்லு.

இங்க நடக்கிற கூத்தைக் கேளு. குழாய் வாங்குற கம்பெனி சார்பா ஹென்ரிக்ஸ்னு ஒரு ஹாலந்துக்காரர் பரிசோதகரா வர்றாரு. தூசி ஒத்துக்காதாம், நாங்க பெயிண்ட் அடிக்கிற கொட்டகை வாசலைத் தாண்டி உள்ள காலே வைக்க மாட்டாரு. அதுக்குத் தோதா நம்ம ஆளுங்க வாசல்லயே ஒரு குழாயை நிறுத்தி வச்சிருக்கானுங்க. அதுக்குப் பேரு 'மருமகள்'. புது மருமக முகத்திரையை விலக்கிக் காட்டினா விருந்தாளி மொய் வைக்கணும்ல? ஹென்ரிக்ஸ் வந்ததும் எங்க ஆளு பெக்போசின் கிழவன் தார்ப்பாயை விலக்கி, பொண்ணு முகம் காட்டுற பாட்டையே பாடுறான். நான் பட்டையை ஒட்டுறேன். மீட்டர் 'சுத்தம்'னு காட்டுது. அவர் கையெழுத்துங்கிற மொய்யை வச்சிட்டுக் காபி குடிக்கப் போயிடுறாரு. ஒவ்வொரு வாரமும் அதே மருமக. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

போன வாரம் எங்களைப் பழைய ஆலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க சூடான குழாய் மேல பஞ்சு சுத்தி, அதுக்கு மேல தகரச் சட்டை போட்டிருக்கு. வெளிய பளபளன்னு இருந்துச்சு. தகரத்தைக் கழட்டினா உள்ள ஈரம், துரு, பாளம் பாளமா. ஹென்ரிக்ஸ் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வச்சு லேசா அழுத்தினாரு. சூடான பவுர்சாக் பணியாரத்துல விரல் போற மாதிரி உள்ள போயிடுச்சு. "பெயிண்டுக்கு அடியில உப்பு. சட்டை போட்டாச்சுன்னா யாரும் பார்க்க மாட்டாங்க"ன்னாரு. மனுஷனுக்கு விஷயம் தெரியுது, கொட்டகைக்குள்ள நடக்கத்தான் தெரியல.

நம்ம புதுக் குழாய் வரிசை சாப்பாட்டுக் கூடத்துச் சுவரை ஒட்டியே போகுது. அதுல ஓடப்போற வாயு அழுகின முட்டை மாதிரி நாறும். கூடுதலா கசிஞ்சா நாத்தம்கூட தெரியாது, ஆளு அப்படியே சாஞ்சிடுவானாம். சமையக்கார அக்காங்ககிட்ட சொன்னேன். "இப்பவே நாங்க வைக்கிற சூப்புல பாதி பேரு சாயிறான்"னு சிரிக்கிறாங்க.

அக்லிமா

குல்சாரி, மே 3

அக்காவுக்கு,

உன் பதில் வரல. சௌக்கியம்தான? இந்த ஊர்ல தேளுக்கும் எனக்கும் மட்டும்தான் சௌக்கியம்.

ஒரு விஷயம். பொழுது போகாம, வாசல் மருமகளை விட்டுட்டு உள்ள அடுக்கியிருக்கிற குழாய்ல பட்டை ஒட்டிப் பார்த்தேன். மீட்டர் முள்ளு எகிறிடுச்சு. மீட்டர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு வேற குழாய் பார்த்தேன். அதுவும் அப்படியே. அப்புறம்தான் கொட்டகைக்குப் பின்னாடி போய் எதைப் பீய்ச்சித் துரு எடுக்கிறானுங்கன்னு பார்த்தேன். புத்தகத்துல சொன்ன உலோகக் கசடுத் துகள் இல்ல அக்கா. வத்திப்போன ஏரிக்கரை மணல். ஒரு சிட்டிகை நக்கிப் பார்த்தேன். காஞ்ச மீனை நக்கின மாதிரி இருந்துச்சு.

நேரா உன் புருஷன்கிட்ட போனேன்.

"ஜெஸ்தே, நீ செய்யிறது குழாயா, உப்புக் கண்டமா?"

"போடி. நாக்கால சோதனை பண்ற முதல் ஆளு நீதான். புத்தகத்துல ஒரு பாகம் சேக்கச் சொல்லட்டுமா?"

"நெசமா கேக்குறேன்."

"நெசமா சொல்றேன், போய் டீ குடி. அப்படியே எனக்கும் ஒண்ணு கொண்டா."

அவர் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். டீயும் கொண்டு போய்க் குடுத்தேன். அதான் எரிச்சலா இருக்கு.

வீட்டுக்கு வந்தப்ப உன்கிட்ட மணலைப் பத்தி ஏதாவது சொன்னாரா? கேட்டு எழுது.

அக்லிமா

அக்தோபே, மே 30

அன்புள்ள அக்லிமாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. தைமாஸுக்கு அம்மை போட்டுத் தேறிவிட்டான். அத்தைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறோம். தோட்டத்தில் வெங்காயம் முளைத்திருக்கிறது. புது வீட்டுக்குச் சுவரில் ஒட்ட நீலக் கோடு போட்ட காகிதம் பார்த்து வைத்திருக்கிறேன். வடக்கு அறைக்கு அது இருட்டாகுமோ என்று யோசனை.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது. பெயிண்ட், மணல் எல்லாம் எனக்கு என்ன தெரியும். கசடு ஏற்றி வந்த லாரிகள் இரண்டு மாதம் சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றால் அவர் என்ன செய்வார்? விழா நாளை அவரா குறித்தார்? முப்பது பேருக்கு வேலை கொடுக்கிற மனிதர். உனக்கும் கொடுத்திருக்கிறார்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் திரியாதே.

குல்ஷாரா

குல்சாரி, ஜூன் 8

அக்கா,

நலம். தலையில துணி கட்டியிருக்கேன்.

நான் லாரின்னு எழுதவே இல்லையே.

அக்லிமா

குல்சாரி, ஜூலை 5

அக்காவுக்கு,

நீ பதில் போட மாட்டேன்னு தெரியும், இருந்தாலும் எழுதுறேன். தைமாஸ் நடக்குறானா?

நேத்து குழாய்க்குப் பெயிண்ட் வேலை முடிஞ்சதுன்னு ஆட்டை வெட்டி விருந்து. மேலாளர், ஹென்ரிக்ஸ், மொழிபெயர்க்கிற பொண்ணு ஜாவ்ரே, எல்லாரும் ஒரே விரிப்புல. ஒருத்தரை ஒருத்தர் புகழ்ந்து புகழ்ந்து குடிச்சாங்க. மேலாளர் உன் புருஷனைத் 'தரத்தின் காவலன்'னாரு. கையில இருந்த கறியைத் தட்டுல வச்சேன். எழுந்து நின்னேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன்:

"ஜெஸ்தே, வாசல்ல ஒரு நல்ல மருமகளை நிறுத்திட்டு உள்ள மொத்தத்தையும் உப்பு மணல்ல அடிச்சியே, இந்தக் காவல் எந்தத் தரத்துல சேத்தி? சாப்பாட்டுக் கூடத்துல இருக்கிற அத்தனை பேரையும் கொல்லப் போற, தெரியுமா?"

என்ன ஆகியிருக்கும்னு நெனக்கிற? சிரிச்சானுங்க அக்கா! தொடையைத் தட்டித் தட்டிச் சிரிச்சானுங்க. "மச்சினின்னா இப்படி இருக்கணும்!"னு மேலாளருக்குக் கண்ணுல தண்ணி. "என் பொண்டாட்டிக்குத் தங்கச்சி இல்லாம போச்சே"ன்னு ஒருத்தன் புலம்புறான். உன் புருஷன் ஆட்டு வால் கொழுப்பைக் கை நிறைய எடுத்து என் வாயில திணிச்சாரு, வழக்கம்தான், வாயாடி மச்சினிக்கு அதான் மருந்து. ஹென்ரிக்ஸ் "என்ன சொன்னா?"ன்னு கேட்டாரு. ஜாவ்ரே, "ஒண்ணுமில்ல, சொந்தக்காரங்க கேலி"ன்னா. அவரும் மரியாதைக்குச் சிரிச்சு வச்சாரு.

கத்தி சொல்லியாச்சு. ஒருத்தன் காதுலயும் ஏறல. ஏன்னா சொன்னது நான், சொன்னது அவரை.

கொழுப்பைத் திணிக்கிறப்ப அவர் மட்டும் சிரிக்கல. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்ட்ல தகரச் சட்டை போட ஆளு வருது.

அக்லிமா

அக்தோபே, ஜூலை 25

அக்லிமாவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

வீட்டுப் பட்டியல் ஒட்டிவிட்டார்களாம். நம் பெயர் நான்காவது. அத்தை அந்தச் செய்தியைக் கேட்டுத் திரையை ஒதுக்கி, ஆறு வருடத்தில் முதல் தடவையாக என் தலையைத் தடவினார்.

அவர் போன வாரம் வந்திருந்தார். சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உன் ஜெஸ்தேயைக் கேலி செய், எவ்வளவு வேண்டுமானாலும் செய். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அது கேலியாகவே இருக்கட்டும்.

குல்ஷாரா

குல்சாரி, ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

இன்னைக்கு நலம் விசாரிக்க எனக்கு வாய் வரல. நேரா சொல்லிடுறேன்.

முந்தாநாள் சட்டை போடுறவனுங்க வந்துட்டானுங்க. பஞ்சு, தகரம், ஆணி எல்லாம் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் இறக்கியாச்சு. நான் போய் அடிச்சு வச்ச பெயிண்டைத் தொட்டுப் பார்த்தேன். வெளிய வெயில்ல கெடந்த ரெண்டு குழாய்ல அதுக்குள்ள கொப்புளம், அம்மை போட்ட மாதிரி. ஒருத்தன் அதைத் தேய்ச்சு மேலயே திரும்பப் பூசிக்கிட்டு இருந்தான். "என்னடா பண்றே?"ன்னேன். "மருமகளுக்குப் பவுடர் போடுறேன்"னான் நாயி.

காலையில வேலைக்கு முன்னாடி எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுப் பத்திரமா இருங்கன்னு பாடம் சொல்வாங்க. நேத்து அதுல மேலாளர் இருந்தாரு, ஹென்ரிக்ஸ் இருந்தாரு. நான் வரிசையை விட்டு வெளிய வந்தேன். என்னைப் பார்த்ததுமே பாதிப் பேர் சிரிக்கத் தயாராயிட்டானுங்க. வாயைத் தொறந்துட்டுக் காத்திருக்கானுங்க, குருவிக்குஞ்சு மாதிரி.

ஜெஸ்தேன்னு கூப்பிடல அக்கா. நீன்னும் சொல்லல.

"குவான்திக் எஸெனொவிச்"னேன். "உள்ள இருக்கிற குழாய்களை உப்பு மணல்ல அடிச்சிருக்கீங்க. நான் சோதனை பண்ணினேன். ஒண்ணுகூட தேறல. சட்டை போடுறதை நிறுத்தச் சொல்லுங்க."

எவனோ ஒருத்தன் சிரிக்க ஆரம்பிச்சு பாதியில நிறுத்திட்டான். தன் அக்கா புருஷனை ஒரு மச்சினி அப்பா பேரோட சேத்துக் கூப்பிட்டு அங்க யாரும் கேட்டதே இல்ல. ஜாவ்ரே மூஞ்சி வெளுத்துப்போச்சு. ஹென்ரிக்ஸ் பக்கம் திரும்பி வார்த்தை வார்த்தையா மொழிபெயர்த்தா.

உன் புருஷன் என்னையே பார்த்துக்கிட்டு நின்னாரு. கடைசியில ஒரு கேலி வரும், அதைப் பிடிச்சுக்கலாம்னு காத்திருந்தாரு போல. எனக்கும் ஒண்ணு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

அப்புறம் அவர் தொப்பியைக் கழட்டினாரு. "நீங்க சொல்றது சரி"ன்னாரு. என்னைப் பார்த்து. 'நீங்க'.

ஹென்ரிக்ஸ் முதல் தடவையா கொட்டகைக்குள்ள போனாரு. பெயிண்டைச் சுரண்டி, அவரே பட்டை ஒட்டினாரு. வெளிய வந்தப்ப அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை பூரா மணல். தகரத்தைத் திரும்ப லாரியில ஏத்திட்டாங்க.

நீ கேட்ட ஒண்ணை என்னால குடுக்க முடியல.

அக்லிமா

குல்சாரி, அக்டோபர் 3

அக்காவுக்கு,

இது பதிலுக்காக எழுதுறது இல்ல. நீ, தைமாஸ், அத்தை எல்லாரும் நல்லா இருக்கணும்.

திறப்பு விழா குறிச்ச நாள்லயே நடந்துச்சு, கேட்டியா கூத்தை! குழாய் பாதிக்கு மேல கொட்டகையில உரிச்சுக் கெடக்குது. வாயு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பெரிய மனுஷங்க வந்து, வெறும் குழாய்ல இருந்த வெறும் சக்கரத்தைத் திருப்பி, வெறும் காத்துக்குக் கை தட்டிட்டு, குதிரைக்கறி தின்னுட்டுப் போயிட்டாங்க. ஹென்ரிக்ஸுக்குப் பாராட்டுப் பத்திரம். ஆரம்பத்துலயே தனக்குச் சந்தேகம் இருந்துச்சாம். வாசல்ல நின்னு காபி குடிச்சது அந்தச் சந்தேகத்துலதான் போல.

வீட்டுப் பட்டியலைக் கிழிச்சுட்டு வேற ஒட்டினாங்க. நான் போய்ப் பார்க்கல. உங்க பேரு இல்லன்னு ஜாவ்ரே சொன்னா.

இப்ப நிஜமான கசடு வருது. ஒவ்வொரு குழாய்லயும் உப்பு பார்த்த பிறகுதான் பெயிண்ட். பார்க்கிறது நான். பெக்போசின் கிழவன் என்னைப் பார்த்தா துப்புறான், ஆனா நான் வர்றதுக்கு முன்னாடி குழாயைத் துடைச்சு வைக்கிறான்.

உன் புருஷன் வேலை போய்க் கிளம்புறப்ப நான் வாசல்ல நின்னேன். நாலு வசவாவது விடுவாருன்னு பார்த்தேன். கை குடுத்தாரு அக்கா. கை! ஒரு அதிகாரிக்கு இன்னொரு அதிகாரி குடுக்கிற மாதிரி.

அக்லிமா

அக்தோபே, நவம்பர் 1

மதிப்பிற்குரிய அக்லிமா துலெகெனோவ்னா அவர்களுக்கு,

தங்கள் நலம் அறிய விழைகிறேன். எங்கள் இல்லத்தில் அனைவரும் நலம். தைமாஸ் நன்றாக நடக்கிறான். குல்ஷாராவும் நலம். கடிதம் எழுத அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

எனக்கு இங்கே ரயில் பாலங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை கிடைத்துள்ளது. ஆற்றுப் பாலம் ஒன்று உப்புத் தரையில் நிற்கிறது. இங்கே உப்புச் சோதனை செய்யும் வழக்கம் இல்லை. நான் செய்ய விரும்புகிறேன். ஒட்டும் பட்டைகளும் ஊசிகளும் எங்கே பெறலாம் என்பதைத் தாங்கள் அறிவித்தால் உதவியாக இருக்கும்.

சிரமத்துக்கு மன்னிக்கவும்.

தங்கள்
குவான்திக்

குல்சாரி, நவம்பர் 14

ஜெஸ்தே,

நான் சௌக்கியம். பட்டை ஒரு கட்டு, ஊசி ஒரு டப்பா, பழைய மீட்டர் ஒண்ணு, மூணையும் கார்டுகிட்ட குடுத்தனுப்பியிருக்கேன். மீட்டரை வெயில்ல வைக்காதே. தண்ணி சுத்தத் தண்ணியா இருக்கணும், குழாய்த் தண்ணியை ஊத்தித் தொலைச்சுடாதே. உன்னை நம்பி ரயில் ஏறப்போற ஜனங்களை நெனச்சா பாவமா இருக்கு. அந்தப் பாலத்து மேல நீ முதல்ல நடந்து பாரு, உன் கனத்தைத் தாங்கினா ரயிலைத் தாங்கும்.

அக்காவுக்கு நேரம் வாய்க்கலன்னு எழுதியிருக்கே. சரி. வாய்க்கிறப்ப வாய்க்கட்டும். அவ எழுதாம இருக்கிறது எனக்குப் புரியுது. நீ எழுதினியே, அதைத்தான் தாங்க முடியல.

இங்க எல்லாரும் எனக்கு மரியாதை குடுக்குறானுங்க. நான் வந்தா எழுந்து நிக்கிறானுங்க, பேச்சை நிறுத்துறானுங்க. சாப்பாட்டுக் கூடத்துல எனக்குத் தனி மேசை, யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறான். நான் என்ன கேலி பண்ணினாலும் ஒருத்தனும் சிரிக்க மாட்டேங்கிறான், உள்குத்து எங்கேன்னு தேடுறான்.

நீ 'தங்கள்'னு எழுதாதே. அந்த மனுஷி யாருன்னே எனக்குத் தெரியாது. கழுதைன்னு எழுது. குடும்பத்தைக் கெடுத்தவள்னு எழுது, பரவாயில்ல, அது நெசம்தான். காலேஜ்ல துரத்திவிட்டதைச் சொல்லு. என் மூக்கைச் சொல்லு.

ஒரே ஒரு வசவு வச்சு எழுது ஜெஸ்தே. கார்டு வெள்ளிக்கிழமை திரும்ப வருவாரு.

உன் மச்சினி